டாக்கர்ல ஒரு பேக்கெண்ட் ஸ்டார்ட்டர் ப்ராஜெக்ட் போடணும், எதை வைக்கறது எதை விடறது?

மழைக்காகம்:

வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கங்க.

நான் கோயமுத்தூர்ல ஒரு சின்ன கம்பெனில பேக்கெண்ட் பாக்கறேன், டீம்ல மொத்தமே ஏழு பேரு. இத்தனை நாளா ஆளாளுக்கு லேப்டாப்ல ஒரு பைத்தான் வெர்ஷன், ஒரு போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) வெர்ஷன்னு வச்சு ஓட்டிட்டு இருந்தோம். போன மாசம் புதுசா சேந்த பையனுக்கு மெஷின் செட் பண்ணிக் குடுக்கறதுக்கே ரெண்டரை நாள் ஆச்சு, அதுல ஒரு முழு நாள், அவன் காலேஜ் ப்ராஜெக்டுக்குப் போட்டு மறந்து போன ஒரு போஸ்ட்கிரெஸ் 5432 போர்ட்டைப் புடிச்சுட்டு உக்காந்திருந்ததைக் கண்டுபிடிக்கறதுலயே போயிடுச்சு. அதைப் பாத்துட்டு லீட் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஸ்டார்ட்டர் ப்ராஜெக்ட் ரெடி பண்ணு, இனிமே எந்த சர்வீஸ் ஆரம்பிச்சாலும் அதைக் காப்பி பண்ணித்தான் ஆரம்பிக்கணும், எல்லாம் டாக்கர்ல, அதாவது ப்ரோக்ராமையும் அதுக்கு வேண்டியதையும் ஒரே பெட்டியா (கன்டெய்னர்) கட்டி ஓட்டற டூல்ல, ஓடணும்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு ரெண்டு வாரம் லீவுல போயிட்டாரு.

மொதல்ல கிட்ஹப்ல ஸ்டார் நிறைய இருக்கற டெம்ப்ளேட் ஒண்ணை எடுத்துப் பாத்தேன். அறுபது எழுபது ஃபைலு, உள்ள ஹெல்ம் சார்ட், டெர்ராஃபார்ம், செலரி, ரெடிஸ், ஓப்பன் டெலிமெட்ரி, இன்னும் என்னென்னமோ. எதைத் தொட்டா எது உடையும்னே புரியல. மூடி வச்சுட்டு ஃபாஸ்ட்ஏபிஐ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஒண்ணு, போஸ்ட்கிரெஸ் ஒண்ணுன்னு ரெண்டே கன்டெய்னர் வச்சு நானே எழுத ஆரம்பிச்சேன். இப்ப மாட்டிட்டு இருக்கறது இதெல்லாம்:

கன்டெய்னர் மேல வந்துருது, லாக்ல 127.0.0.1:8000ல ஓடுதுன்னு யுவிகார்ன் (ஃபாஸ்ட்ஏபிஐயை ஓட்டற சர்வர்) சொல்லுது, போர்ட்டும் மேப் பண்ணிருக்கேன், ஆனா ப்ரவுசர்ல ஒண்ணும் வரமாட்டேங்குது.

டேட்டாபேஸுக்கு மொதல்ல லோக்கல்ஹோஸ்ட்னு குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டு, அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு சர்வீஸ் பேரு "டிபி"ன்னு மாத்திட்டேன். இப்ப என்னன்னா, புதுசா க்ளோன் பண்ணி மொதல் தடவை ஏத்தும்போது கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு செத்துப் போகுது. திரும்ப ஏத்துனா சமத்தா ஓடுது. கம்போஸ் ஃபைல்ல (எல்லா கன்டெய்னரையும் சேத்து ஏத்தற ஃபைல்) டிபெண்ட்ஸ் ஆன், அதாவது டிபி கிளம்பின பிறகு ஏபிஐயைக் கிளப்புன்ற வரி, எல்லாம் போட்டுத்தான் இருக்கேன்.

ஒரு வரி கோடு மாத்தினாலும் பிப் இன்ஸ்டால் (பைத்தான் பாக்கேஜ் எல்லாம் இறக்கறது) மொத்தமும் திரும்ப ஓடுது, ஆறு நிமிஷம். டீ குடிச்சுக் குடிச்சு வயிறு கெட்டுப் போச்சு.

நிறுத்தச் சொன்னா கரெக்டா பத்து செகண்ட் எடுத்துக்குது. அதென்ன கணக்கு பத்து செகண்ட்?

கடைசியா, டீம்ல ஒருத்தர் மட்டும் விண்டோஸ். அவருகிட்ட மட்டும் என்ட்ரிபாயிண்ட் ஸ்க்ரிப்ட் (கன்டெய்னர் கிளம்பும்போது ஓடறது) "நோ சச் ஃபைல்"னு வருது. ஃபைலு இருக்குங்க, கண்ணு முன்னாடி இருக்கு!

இதை விட முக்கியமா, ஒரு ஸ்டார்ட்டர்ல என்னென்ன இருக்கணும்னு நீங்க நினைக்கறீங்க? அனுபவஸ்தங்க சொல்லுங்க.

நள்ளிரவு_டிப்ளாய்:

வண்டில போயிட்டு இருக்கேன், ரெண்டுக்கு மட்டும் பதில் சொல்றேன் மிச்சத்தை வேற யாராவது சொல்லுவாங்க.

மொதல் பிரச்சனைக்கு பதில் உங்க லாக்லயே இருக்கு. கன்டெய்னருக்குள்ள 127.0.0.1ன்னா அந்த கன்டெய்னர் மட்டும்தான், வெளிய இருந்து மேப் பண்ணின போர்ட் வழியா வர்றவனுக்கு அங்க கதவே கிடையாது. யுவிகார்ன் ஸ்டார்ட் பண்ற இடத்துல ஹோஸ்ட் 0.0.0.0ன்னு குடுங்க. அப்புறம் டாக்கர்ஃபைல்ல (கன்டெய்னருக்கு மூலமான இமேஜைக் கட்டற ஃபைல்) எக்ஸ்போஸ்னு ஒரு வரி இருந்தா அதை நம்பாதீங்க, அது சும்மா அறிவிப்புப் பலகை மாதிரி, அது எந்த போர்ட்டையும் திறந்து விடாது.

பிப் விஷயம்: மொத்த ஃபோல்டரையும் காப்பி பண்ணிட்டு அதுக்குக் கீழ பிப் இன்ஸ்டால் போட்டிருப்பீங்க, சரியா? டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஒரு லேயரா சேத்து வைக்கும், மேல ஒண்ணு மாறிடுச்சுன்னா அதுக்குக் கீழ இருக்கறது எல்லாத்தையும் திரும்பப் பண்ணும். அதனால ரெக்கொயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் மொதல்ல காப்பி பண்ணுங்க, பிப் இன்ஸ்டால் போடுங்க, அதுக்கப்புறம் கோடைக் காப்பி பண்ணுங்க. அந்த ஃபைலு மாறாத வரைக்கும் பிப் பக்கமே போகாது.

வடைமாலை:

ப்ரோ மொதல்ல இமேஜை அல்பைனுக்கு (ஒரு குட்டி லினக்ஸ்) மாத்துங்க, பேஸ் இமேஜ் அஞ்சு எம்பி தான், சும்மா பறக்கும். பெரிய இமேஜ்தான் எல்லாப் பிரச்சனைக்கும் காரணம். அப்படியே குபெர்னெட்டிஸுக்கும் (நிறைய சர்வர்ல கன்டெய்னர் ஓட்டற சிஸ்டம்) இப்பவே மேனிஃபெஸ்ட் எழுதி வச்சுருங்க, நாளைக்கு தேவைப்படும்.

பழைய_சர்வர்:

வடைமாலை தம்பி, கோச்சுக்காத, அல்பைன் யோசனை கோ லாங்குவேஜ்ல எழுதறவனுக்கு சரி, பைத்தான்காரனுக்கு சொல்லாத. அல்பைன்ல இருக்கறது மஸ்ல்னு ஒரு சி லைப்ரரி, டெபியன் உபுண்டுல எல்லாம் இருக்கற ஜிலிப்சி கிடையாது. பைத்தான் பாக்கேஜ்ல சி கோடு கலந்தது நிறைய, அதையெல்லாம் ரெடிமேடா கம்பைல் பண்ணி வீல்னு குடுப்பாங்க, ரொம்ப நாளா அந்த வீல் எல்லாம் ஜிலிப்சிக்கு மட்டும்தான் இருந்துச்சு. 2021க்கு அப்புறம் மஸ்லுக்கும் தனியா வீல் போட வழி வந்து இப்ப பெரிய பாக்கேஜ் நிறைய தருது, இல்லைன்னு சொல்லல, ஆனா தராத ஒண்ணே ஒண்ணு வந்து மாட்டினா போதும், ஜிசிசி போடு, ஹெடர் போடு, இருபது நிமிஷம் கம்பைல் ஆகட்டும்னு உக்காரணும், கடைசில பாத்தா மிச்சம் புடிச்ச எம்பி எல்லாம் கம்பைலர்லயே போயிருக்கும். ஸ்லிம் இமேஜ் எடுத்துக்கிட்டா டெபியன், நூத்தி சொச்சம் எம்பி, ஒரு வம்பும் கிடையாது. குபெர்னெட்டிஸ் பத்தி நான் பேசவே போறதில்ல, ஏழு பேரு டீமுக்கு எதுக்குப்பா.

இப்ப கேள்விக்கு வர்றேன். தம்பி, நீங்க அந்த அறுபது ஃபைல் டெம்ப்ளேட்டை மூடினீங்க பாருங்க, அதுதான் நீங்க செஞ்சதுலயே நல்ல காரியம். அது வேற யாரோ அவங்க கம்பெனில பட்ட அடிக்கெல்லாம் போட்ட கட்டு. நமக்கு அடிபடாத இடத்துல எதுக்குக் கட்டு? புதுசா வர்ற பையன் ஒரு மத்தியானத்துல எல்லா ஃபைலையும் திறந்து பாத்து இது எதுக்குன்னு சொல்ல முடியணும், என்னைக் கேட்டா அதுதான் அளவு. பைத்தான் சர்வீஸுக்கு டாக்கர்ஃபைல், கம்போஸ் ஃபைல், டாக்கர் இக்னோர் (இமேஜுக்குள்ள போகக்கூடாத ஃபைல் பட்டியல்), மாதிரி என்வ் ஃபைல் (பாஸ்வேர்ட் மாதிரி செட்டிங்ஸ்), ரீட்மீ, மைக்ரேஷன் ஃபோல்டர் (டேபிள் அமைப்பை மாத்தற ஸ்க்ரிப்ட்), ஒரு டெஸ்ட், ஒரு ஹெல்த் எண்ட்பாயிண்ட் (சர்வீஸ் நல்லா ஓடுதான்னு சொல்றது). முடிஞ்சுது.

டேட்டாபேஸ் மொதல் தடவை மட்டும் ஏன் சாகுதுன்னு கேட்டீங்க. டிபெண்ட்ஸ் ஆன்னு சும்மா போட்டா அந்த கன்டெய்னர் கிளம்பிடுச்சான்னு மட்டும்தான் பாக்கும், உள்ள இருக்கற போஸ்ட்கிரெஸ் பேசத் தயாரா இருக்கான்னு பாக்காது. கடை ஷட்டரைத் தூக்கியாச்சு, ஆனா உள்ள இன்னும் சாம்பிராணி போட்டுட்டு இருக்காங்க, நீங்க போய் பில்லு போடச் சொன்னா எப்படி. அதுவும் மொதல் தடவைன்னா காலி வால்யூம்ல (டேட்டா நிலையா இருக்கற இடம்) டேட்டாபேஸையே புதுசா உருவாக்கணும், கூட நேரம் எடுக்கும், ரெண்டாம் தடவை எல்லாம் ரெடியா இருக்கறதால ஒரு செகண்ட்ல எழுந்துரும். அதான் உங்களுக்கு ரெண்டாம் தடவை சமத்தா ஓடுது. இதுக்கு டிபி சர்வீஸ்ல ஹெல்த்செக் போட்டு அதுல பிஜி ஈஸ்ரெடி கமாண்டைக் குடுங்க, ஏபிஐ பக்கம் டிபெண்ட்ஸ் ஆன்ல கண்டிஷன் சர்வீஸ் ஹெல்த்தின்னு குடுங்க.

இதுல ஒரு பொடி விஷயம் இருக்கு, நான் ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டது. அந்த அஃபிஷியல் இமேஜ் மொதல் தடவை டேட்டாபேஸ் உருவாக்கும்போது உள்ளுக்குள்ள தற்காலிகமா ஒரு போஸ்ட்கிரெஸை ஏத்தி, யூசர் உருவாக்கறது, இனிட் ஸ்க்ரிப்ட் ஓட்டறது எல்லாம் முடிச்சுட்டு, அதை நிறுத்திட்டு, அப்புறம்தான் நிஜ சர்வரை ஏத்தும். அந்த தற்காலிகம் யூனிக்ஸ் சாக்கெட்ல (கன்டெய்னருக்குள்ள மட்டும் பேசற வழி) மட்டும்தான் கேக்கும், நெட்வொர்க்ல கேக்காது. பிஜி ஈஸ்ரெடிய ஹோஸ்ட் குடுக்காம ஓட்டினா அதுவும் சாக்கெட் வழியாத்தான் போய் பாக்கும், தற்காலிகத்தைப் பாத்துட்டு ஓ ரெடின்னு சொல்லிடும், உடனே ஏபிஐ கிளம்பி வந்து செத்துப் போகும். ஹெல்த்செக் போட்டும் எப்பவாவது ஒரு தடவை உடையுதேன்னு நான் அலைஞ்சது இதனாலதான். மைனஸ் ஹெச் 127.0.0.1னு சேத்துக் குடுங்க, நிஜ சர்வர் வந்தாத்தான் ஓகே சொல்லும். என்ன இருந்தாலும் ஏபிஐ கோட்லயும் நாலு தடவை திரும்ப முயற்சி பண்ற மாதிரி எழுதி வைங்க, ஏன்னா ப்ரொடக்ஷன்ல டேட்டாபேஸ் நடுவுல ரீஸ்டார்ட் ஆனா கம்போஸ் வந்து காப்பாத்தாது.

பத்து செகண்ட் கணக்கு: டாக்கர் ஸ்டாப் பண்ணும்போது மொதல்ல சிக்டெர்ம்னு மரியாதையா சொல்லும், பத்து செகண்ட் காத்திருக்கும், கேக்கலைன்னா சிக்கில்லு போட்டு கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும். உங்க யுவிகார்னுக்கு அந்த மரியாதையான சேதி போய்ச் சேரவே இல்ல. டாக்கர்ஃபைல்ல எதை ஓட்டணும்னு சொல்ற சிஎம்டி வரியை வெறும் வாக்கியமா எழுதினா டாக்கர் அதை ஒரு ஷெல்லுக்குள்ள ஓட்டும், ஒண்ணாம் நம்பர் ப்ராசஸா உக்காந்திருக்கறது ஷெல், சிக்னல் அதுக்குத்தான் போகும், அது உள்ள இருக்கற பிள்ளைக்கு சொல்லாது. சதுர அடைப்புக்குள்ள ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா டபுள் கோட்ஸ்ல எழுதுங்க. டபுள் கோட்ஸ்தான், சிங்கிள் போட்டா ஜேசன் இல்லைன்னு சொல்லிட்டு சத்தமில்லாம பழையபடி ஷெல்லுக்கே போயிடும். நீங்க என்ட்ரிபாயிண்ட் ஸ்க்ரிப்ட் வேற வச்சிருக்கீங்க, அதுல கடைசி வரில யுவிகார்னுக்கு முன்னாடி எக்ஸெக்னு ஒரு வார்த்தை போடணும், இல்லைன்னா அதே கதைதான். லோக்கல்ல இது வெறும் எரிச்சல், ப்ரொடக்ஷன்ல பாதி முடிஞ்ச ரிக்வெஸ்ட்டோட கழுத்தறுபடும், எக்ஸிட் கோடு 137ன்னு வரும், மெமரி பத்தலையோன்னு வேற தேடிட்டு இருப்பீங்க.

விண்டோஸ்காரருக்கு: ஃபைலு இருக்கு, அது தேடறது வேற ஃபைலை. அவரு கிட் க்ளோன் பண்ணும்போது வரி முடிவெல்லாம் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி) ஆயிருக்கும், ஸ்க்ரிப்ட்டோட மொதல் வரில ஷெல் பாதைக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு, லினக்ஸ் போய் அந்த எழுத்தோட பேரு முடியற ஒரு ஷெல்லைத் தேடுது. கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல எஸ்ஹெச் ஃபைல் எல்லாத்துக்கும் இஓஎல் எல்எஃப்னு ஒரு வரி போட்டு கமிட் பண்ணுங்க, அவரைப் புதுசா க்ளோன் பண்ணச் சொல்லுங்க. அப்படியே ப்ராஜெக்டை சி ட்ரைவ்ல வைக்காம டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள ஓடற லினக்ஸ்) உள்ள ஹோம் ஃபோல்டர்ல வைக்கச் சொல்லுங்க, சி ட்ரைவ்ல இருந்து மவுண்ட் பண்ணினா ஆமை வேகம், கோடு மாத்தினா ஆட்டோ ரீலோடும் பல நேரம் ஆகாது.

இன்னும் ரெண்டு மூணு விஷயம் சொல்லிட்டு படுக்கப் போறேன். என்வ் ஃபைலை டாக்கர் இக்னோர்ல கட்டாயம் போடுங்க, கிட் ஃபோல்டரையும். ஒருத்தர் என்வ் ஃபைலோட மொத்தத்தையும் இமேஜுக்குள்ள காப்பி பண்ணிட்டு அடுத்த வரில டெலீட் பண்ணிட்டேன்னு நிம்மதியா இருந்தாரு, அது மேல் லேயர்ல மறையுமே தவிர கீழ் லேயர்ல அப்படியே இருக்கும், இமேஜ் கைல கிடைச்சவன் எடுத்துக்கலாம். ரூட்ல ஓட்டாதீங்க, ஒரு சாதா யூசர் உருவாக்கி அதுல ஓட்டுங்க. லேட்டஸ்ட் டேக் எங்கயுமே வேண்டாம், முக்கியமா போஸ்ட்கிரெஸ்க்கு, ஒரு நாள் மேஜர் வெர்ஷன் மாறி வந்து பழைய டேட்டா ஃபோல்டரைப் படிக்கமாட்டேன்னு நிக்கும். அதுலயும் 18ல இருந்து அந்த இமேஜ் டேட்டா வைக்கற பாதையே மாறிடுச்சு, 17 வரைக்கும் கடைசில டேட்டான்னு முடியற ஃபோல்டர்ல வால்யூம் மவுண்ட் பண்ணுவோம், 18ல அதுக்கு ஒரு படி மேல இருக்கற ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணணும். பழைய ப்ளாக்கைப் பாத்து எழுதினா இங்க மாட்டுவீங்க. கம்போஸ் ஃபைல் தலைல வெர்ஷன்னு ஒரு வரி இருந்தா அதையும் எடுத்துருங்க, இப்ப அதுக்கு வேலை இல்ல, நடுவுல கோடு போட்ட பழைய டாக்கர்-கம்போஸ் கமாண்டும் 2023 ஜூலையோட முடிஞ்சு போச்சு, இடம் விட்டு எழுதற புதுசுதான் இப்ப.

தண்ணி_லாரி:

நான் குறுக்க ஒண்ணு கேக்கறேன், கல்லைத் தூக்கி அடிக்காதீங்க. ஏழு பேரு, ஒரு பைத்தான் ஆப்பு, ஒரு டேட்டாபேஸ். இதுக்கு டாக்கரே எதுக்கு? யூவி மாதிரி ஒரு டூல் வச்சு பைத்தான் வெர்ஷனை லாக் பண்ணினா பத்து நிமிஷத்துல முடியற வேலை. நாங்க ஒரு விபிஎஸ்ல (வாடகை சர்வர்) சிஸ்டம்டி சர்வீஸ் (லினக்ஸே ப்ரோக்ராமை ஓட்டிப் பாத்துக்கறது) போட்டு நாலு வருஷமா ஓட்டறோம், ஒரு தும்மல் கூட இல்ல.

பழைய_சர்வர்:

நியாயமான கேள்விதான். உங்க ஊர்ல ஓடுதுன்னா மாத்தாதீங்க. ஆனா அவங்க ரெண்டரை நாள்ல ஒரு முழு நாள் போனது பைத்தானால இல்ல, போஸ்ட்கிரெஸால. நான் இன்னைக்குக் கூட பாதி நாள் ஏபிஐயை லேப்டாப்லயே நேரடியா ஓட்டிட்டு டேட்டாபேஸை மட்டும் டாக்கர்ல வச்சுக்குவேன், டீபக்கர் போட வசதி. ஸ்டார்ட்டர்ல அந்த வழியும் ஓடற மாதிரி வச்சா ரெண்டு பேருக்கும் சந்தோஷம், என்வ்ல ஹோஸ்ட் பேரை மட்டும் மாத்தினா போதும்.

தண்ணி_லாரி:

அப்ப சரி, ஒத்துக்கறேன். டேட்டாபேஸை மட்டும்னா எனக்கும் ஓகே.

பனங்கொட்டை:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். லோக்கல் பற்றி எல்லாரும் வடிவா சொல்லிப்போட்டினம், நான் சர்வரில பட்ட பாட்டைச் சொல்லுறன், ஏனெண்டா ஸ்டார்ட்டரில பிழையா ஒரு வரி இருந்தா அதைக் காப்பி பண்ணுற ஒவ்வொரு ப்ராஜெக்டிலயும் அந்தப் பிழை போய் இருக்கும்.

கம்போஸ் ஃபைலில டிபிக்கு 5432:5432 எண்டு போர்ட் போட்டிருந்தனான், லேப்டாப்பில பாக்க சுகமா இருக்குமெண்டு. அதே ஃபைலைத்தான் சின்ன விபிஎஸ் ஒண்டிலயும் ஏத்தினனான். சர்வரில யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு 22, 80, 443 மட்டும்தான் திறந்து விட்டிருந்தனான், அதால பயமில்லை எண்டு நினைச்சன். பாஸ்வேர்ட் என்னெண்டு கேக்காதேங்கோ, யூசர் பேரும் அதுவும் ஒண்டுதான். மூண்டாம் நாள் விடிய எழும்பிப் பாத்தா டேபிள் ஒண்டும் இல்லை, புதுசா ஒரே ஒரு டேபிள், அதுக்குள்ள ஒரே ஒரு வரி, பிட்காயின் அனுப்பினாத்தான் டேட்டா திருப்பித் தருவம் எண்டு. நல்ல காலம் அது டெஸ்ட் டேட்டா.

பிறகுதான் விளங்கினது, டாக்கர் போர்ட் திறக்கேக்க தானே ஐபிடேபிள்ஸில (லினக்ஸின்ர பேக்கெட் விதிப் பட்டியல்) விதி எழுதி பேக்கெட்டை நேர கன்டெய்னருக்குத் திருப்பி விடும், யூஎஃப்டபிள்யூ காவல் நிக்கிற இடத்துக்கு அந்தப் பேக்கெட் வாறதே இல்லை. ஃபயர்வால் ஸ்டேட்டஸ் பாத்தா எல்லாம் பூட்டு எண்டுதான் காட்டும். ஆகவே டிபிக்கு போர்ட் போடாமலே விடுங்கோ, ஏபிஐ உள் நெட்வொர்க்காலயே கதைக்கும். லேப்டாப்பில வேணுமெண்டா 127.0.0.1:5432:5432 எண்டு முன்னுக்கு ஐபியையும் சேத்துப் போடுங்கோ. உங்கட புதுப் பொடியன்ர லேப்டாப்பில 5432ஐ வேற ஆள் பிடிச்சு வச்சிருந்த கதைக்கு, நடுவில இருக்கிற நம்பரை மட்டும் 5433 ஆக்கினாச் சரி.

மற்றது லாக். டாக்கர் சாதாரணமா லாக்கை ஒரு ஜேசன் ஃபைலில எழுதிக்கொண்டே போகும், வெட்டாது. ஆறு மாசத்தில டிஸ்க் நிரம்பி போஸ்ட்கிரெஸும் எழுத ஏலாமல் நிக்கும். மேக்ஸ் சைஸ், மேக்ஸ் ஃபைல் ரெண்டையும் கம்போஸிலயே போட்டு வையுங்கோ.

மழைக்காகம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க! வடைமாலை, பழைய சர்வர் ரெண்டு பேருக்கும் ஒரு திருத்தம், நான் ப்ரோவும் இல்ல தம்பியும் இல்ல, பொண்ணுங்க :) பரவால்ல.

சனிக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். கோடு மாத்தினா பில்டு நாலு செகண்ட். எக்ஸெக் போட்டதும் ஸ்டாப் உடனே ஆகுது, அதைப் பாக்கறதுக்காகவே அஞ்சாறு தடவை ஏத்தி இறக்கினேன், என்ன ஒரு திருப்தி. ஹெல்த்செக்ல மைனஸ் ஹெச் போட்டதுக்கப்புறம் வால்யூமை அழிச்சு அழிச்சு இருபது தடவை ஏத்திப் பாத்தேன், ஒரு தடவை கூட விழலை. பனங்கொட்டை அண்ணா சொன்னது படிச்சதும் மொதல் வேலையா எங்க ஸ்டேஜிங் சர்வரைப் போய்ப் பாத்தேன், என்ன பாத்தேன்னு சொல்லல, இப்ப சரியா இருக்கு.

ரீட்மீல ஒரே பக்கம். மொத்தம் பதினாலு ஃபைல் வந்துச்சு, அதுல ரெண்டு காலி ஃபைல்.

திங்கக்கிழமை அந்தப் புதுப் பையனைக் கூப்பிட்டு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் நீயே ரீட்மீயைப் பாத்து ஏத்துன்னு பக்கத்துல உக்காந்துட்டேன். இமேஜ் இறங்கற நேரம் தவிர பதினஞ்சு நிமிஷத்துல ஹெல்த் எண்ட்பாயிண்ட் ஓகேன்னு வந்துருச்சு. ஆனா ஒரு இடத்துல மாட்டிட்டான், எனக்கும் புரியல. ஏபிஐ டேட்டாபேஸோட நல்லாத்தான் பேசுது, ரைட் ஆகுது ரீட் ஆகுது. அதே யூசர், அதே பாஸ்வேர்டை என்வ் ஃபைல்ல இருந்து காப்பி பண்ணி டிபீவர்ல (டேட்டாபேஸைத் திறந்து பாக்கற டூல்) போட்டா பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு. ஒரே பாஸ்வேர்டுங்க, ரெண்டு பேரும் மாறி மாறி எழுத்து எழுத்தா பாத்துட்டோம்.

நள்ளிரவு_டிப்ளாய்:

அந்த பாஸ்வேர்ட்ல டாலர் குறி இருக்கா?

மழைக்காகம்:

இருக்கு!! அவன் பாஸ்வேர்ட் ஜெனரேட்டர்ல போட்டு எடுத்தது, நடுவுல டாலர் இருக்கு. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?

நள்ளிரவு_டிப்ளாய்:

நானும் உக்காந்து எழுத்து எழுத்தா பாத்தவன்தான். என்வ் ஃபைல்ல டாலருக்குப் பின்னாடி எழுத்து வந்தா கம்போஸ் அதை ஒரு வேரியபிள் பேருன்னு எடுத்துக்கும், அப்படி ஒரு வேரியபிள் இல்லைன்னா காலியா போட்டுட்டுப் போயிடும். ஏபிஐக்கும் டிபிக்கும் ரெண்டுக்கும் ஒரே மொட்டை பாஸ்வேர்ட்தான் போயிருக்கும், அதனால அவங்களுக்குள்ள சண்டையே இல்ல, முழு பாஸ்வேர்டோட வர்ற டிபீவர் மட்டும்தான் வெளில நிக்குது. ஏத்தும்போது லாக்ல மொதல் ரெண்டு வரியை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, இன்னது செட் ஆகலை, காலின்னு எடுத்துக்கறேன்னு ஒரு வார்னிங் கண்டிப்பா இருக்கும். என்வ்ல அந்த பாஸ்வேர்டை சிங்கிள் கோட்ஸுக்குள்ள போடுங்க, அப்ப தொடாது.

மழைக்காகம்:

வார்னிங் இருந்துச்சுங்க, மேல ஓடிப் போயிருந்துச்சு. சிங்கிள் கோட்ஸ் போட்டாச்சு, இப்ப ஏபிஐயும் சேந்து ஆதென்டிகேஷன் ஃபெயில்டுன்னு நிக்குது. பையன் என்னைப் பாத்து சிரிக்கறான்.

பழைய_சர்வர்:

சிரிக்கட்டும் மா. போஸ்ட்கிரெஸ் அந்த என்வ் பாஸ்வேர்டை வால்யூம் காலியா இருக்கும்போது ஒரே ஒரு தடவைதான் படிக்கும். வால்யூமுக்குள்ள இன்னும் அந்த மொட்டை பாஸ்வேர்ட்தான் இருக்கு. லேப்டாப்தானே, டேட்டா வேண்டாம்னா கம்போஸ் டவுன் மைனஸ் வி போட்டு வால்யூமையும் அழிச்சுட்டு ஏத்துங்க. டேட்டா வேணும்னா உள்ள போய் ஆல்டர் யூசர்ல பாஸ்வேர்டை மாத்துங்க. அந்த மைனஸ் வியை மட்டும் ரீட்மீல காப்பி பண்ற மாதிரி எழுதி வைக்காதீங்க, எவனாவது சர்வர்ல போய் ஒட்டிருவான்.

மழைக்காகம்:

ஓடிருச்சு, டிபீவரும் உள்ள போயிடுச்சு. மைனஸ் வி ஏற்கனவே ரீட்மீல இருந்துச்சுங்க, இப்பத்தான் எடுத்தேன்.